தம்பி, சரியான முடிவெடு!

பல்கலைக்கழகப் பிள்ளைகள் பிழையான முடிவுகளை எடுக்கிறார்களாம். அதுதான் நோய் என்று நிபுணர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். மருந்தும் தயார்: போனில் ஒரு செயலி. அது அதட்டாது, தடுக்காது. மெல்ல இடித்து நல்வழிக்குத் திருப்பும். இந்த வித்தையைப் பற்றி 2008இல் புத்தகம் எழுதிய இருவரில் ஒருவரான ரிச்சர்ட் தேலருக்கு 2017இல் பொருளாதார நோபல் பரிசும் கிடைத்தது. ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் சிறுநீர்க் கோப்பைக்குள் ஈப்படம் பொறித்து ஆண்களைக் குறிபார்க்க வைத்த கதைதான் இவர்களுடைய தலபுராணம்.

அந்த ஈயைக் கண்டிப் பக்கத்து அலவத்துகொடைக்குக் கொண்டுவருவோம்.

இங்கிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளையின் போன் விடியுமுன்னே கூவும்: "இன்று நேரத்தோடு விரிவுரைக்குச் செல்லுங்கள்!" பிள்ளை நேரத்தோடுதான் வெளிக்கிட்டது. அக்குறணையில் பிங்கா ஓயா ரோட்டுக்கு ஏறியிருக்கும். ஏறாத நாளில் கட்டுகஸ்தோட்டையில் வாகனங்கள் இறுகிக் கிடக்கும். பஸ் மிதிபலகையில் ஒற்றைக் காலில் தொங்கும்போது அடுத்த செய்தி: "நீண்ட நேரம் உட்கார்ந்திருக்க வேண்டாமே!" சோற்றுப் பார்சலின் விலையைக் கேட்டுவிட்டு ஒரு பனிஸோடு பகலை முடித்தால்: "சமச்சீர் உணவு மூளைக்கு நல்லது." மாதக் கடைசியில்: "சேமிக்கப் பழகுங்கள்!"

எதைச் சேமிப்பது? 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டி நின்றபோதும் மகாபொல புலமைப்பரிசில் மாதம் சுமார் 5,000 ரூபாய்தான். அது 7,500 ஆவதற்கு 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் உரிய மாதத்தில் வந்தால்.

2024 மே 2ஆம் திகதி கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் தொடங்கி, இரண்டு மாதங்களுக்கு மேல் பல்கலைக்கழகங்கள் முடங்கிக் கிடந்தன. யாருடைய தள்ளிப்போடும் பழக்கத்தால் பிள்ளைகளின் படிப்பு தள்ளிப்போனது? சம்பளப் பிரச்சினையை இழுத்தடித்தவர்களின் போனில் ஒரு மணிகூட அடிக்கவில்லையே!

சரி, இந்த வித்தை பலிக்கிறதா? அமெரிக்காவில் 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை, கல்வி உதவிப் பணத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லித் தூண்டிப் பார்த்தார்கள். 2021இல் வெளியான முடிவு: உதவி பெற்றோரும் கூடவில்லை, கல்லூரியில் சேர்ந்தோரும் கூடவில்லை. ஜோர்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவரோடு குறுஞ்செய்தியில் பேசும் பொறி ஓரளவு பலித்ததென்றால், அந்தப் பொறிக்குத் தெரியாத கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே ஆள் இருந்தது. இங்கே ஓர் அலுவலகத்துக்குப் போன் எடுத்துப் பாருங்கள்.

தேலர் கோஷ்டியின் பெட்டியில் உண்மையிலேயே வேலை செய்கிற கருவி ஒன்று உண்டு. ஆள் சும்மா இருந்தாலும் நல்லது தானாக நடக்கும்படி ஏற்பாட்டை மாற்றிவிடுவது. அமெரிக்கத் தொழிலாளரை ஓய்வூதியச் சேமிப்பில் சேர்த்தது அப்படித்தான். அதைக் கொழும்புப் பக்கம் திருப்புங்கள். மாதம் முதலாம் திகதி மகாபொல தானாகக் கணக்கில் விழட்டும். நிறுத்த நினைக்கும் அதிகாரி மட்டும், ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் மூன்று பிரதிகளில் காரணம் எழுதி, நேரில் வந்து வரிசையில் நிற்கட்டும். கருமபீடம் பகல் சாப்பாட்டுக்குப் பூட்டியிருந்தால் நாளைக்கு வரட்டும். அவருடைய போனுக்கும் ஒரு செய்தி போகும்: "வரிசையில் நிற்பது காலுக்கு நல்ல பயிற்சி, சேர். தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள்!"