ஐஸ் ஹாக்கி கோல்கீப்பரின் பிடியுறையில் சுகம் என்னும் கருத்தாக்கம்: ஒரு பன்முக நோக்கு

முகவுரை

ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர் ஒருவர் தமக்குச் சுகமான பிடியுறையைக் கண்டடைவது எங்ஙனம் என்னும் வினா தமிழில் இதுகாறும் முறையாக ஆராயப்படவில்லை. யாருக்கும் தேவைப்படவில்லை என்பதே காரணம். யாருக்கும் தேவைப்படாத பொருளில்தான் ஆய்வு இடைவெளி அகலமாக இருக்கும் என்பதை நம் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலமாக அறியும். இந்த இடைவெளியில் லாரியே திருப்பலாம்.

கருதுகோள்: சுகமான உறை என்று ஒன்று உண்டு. எதிர்க்கருதுகோள்: இல்லை. கட்டுரை முடிவதற்குள் இரண்டும் ஐயந்திரிபற நிறுவப்படும். ஆய்வு அணுகுமுறை: விளக்கமுறை, ஒப்பீட்டுமுறை, தேவைப்படும் இடங்களில் பிடிவாதம்.

பொருள் எல்லை

கோல் வலையின் வாய் 6 அடி அகலம், 4 அடி உயரம். அதற்கு முன்னால் ஓர் ஆள். எதிரே வருவது பக்: 3 அங்குல விட்டம், 1 அங்குலத் தடிமன், 156 முதல் 170 கிராம் வரை எடையுள்ள கெட்டி ரப்பர் வில்லை. துள்ளாமல் வழுக்கிச் செல்லட்டும் என்று ஆட்டத்துக்கு முன் அதை உறையவைக்கிறார்கள். 2012-இல் ஸ்டேனோ சாரா என்னும் நெடிய மனிதர் ஒரு திறன் போட்டியில் இதை மணிக்கு 108.8 மைல் வேகத்தில் அடித்துக் காட்டினார். நம் கணக்கில் ஏறக்குறைய 175 கிலோமீட்டர். அப்போது வலையில் ஆள் இல்லை. அமைப்பாளர்களின் ஈரமனம் பாராட்டத்தக்கது.

கோல்கீப்பர் ஒரு கையில் மட்டையும், அந்தக் கையின் மேலேயே தட்டிவிடும் பலகையுறையும் வைத்திருப்பார். மற்ற கையில் இருப்பது பிடியுறை. இக்கட்டுரையில் இனி 'உறை' என்றால் இதுவே. தலையணை உறை, கடித உறை, உரையாசிரியர் உரை ஆகியவற்றைக் கொள்ளற்க.

வட அமெரிக்கத் தேசிய ஹாக்கி லீகின் விதிநூல் உறையின் சுற்றளவு 45 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. அடியிலிருந்து பையின் வளைவோடு உச்சிவரை 18 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. மணிக்கட்டுப் பட்டையையும் அளக்கிறது. சுகத்தைப் பற்றி அந்நூலில் ஒரு சொல் இல்லை. நூலாசிரியர் சொல்லாது விட்டதெல்லாம் உரையாசிரியனுக்கு விட்ட மானியம் என்பது மரபாதலின், நாம் உள்ளே நுழைகிறோம்.

வரலாறு

1940களில் சிக்காகோ அணியின் கோல்கீப்பர் எமில் ஃபிரான்சிஸ், பேஸ்பால் ஆட்டத்தில் முதல் தளத்துக்காரர் அணியும் தோலுறையை எடுத்து, அதில் ஒரு மணிக்கட்டுப் பட்டையைச் சேர்த்துத் தைத்துக்கொண்டு களமிறங்கினார். எதிரணியான டெட்ராய்ட்டின் ஜாக் ஆடம்ஸ் 'இது செல்லாது' என்று கூச்சலிட்டார். லீகின் தலைவர் கிளாரன்ஸ் கேம்பெல் உறையைப் பார்த்தார், செல்லும் என்றார். விஷயம் முடிந்தது. கருத்தரங்கம் இல்லை, கோவை இல்லை, கட்டுரையாளர்களிடம் பதிவுக் கட்டணம் வாங்கிப் பொன்னாடை போர்த்தவும் இல்லை. ஆகவே இந்நிகழ்ச்சியை முறையான அறிவுச்செயல்பாடாக ஏற்பதில் இக்கட்டுரையாளருக்குத் தயக்கம் உண்டு. ஆனால் உறை பரவிவிட்டது.

அதே காலத்தில் மாண்ட்ரியாலில் பில் டர்னன் இரண்டு கையாலும் பக் பிடிப்பவராக இருந்தார். மட்டையைக் கைமாற்றிக்கொள்ள வசதியாக, எந்தக் கையாலும் பிடிக்கவும் மட்டை பற்றவும் தோதான உறைகளை இரண்டு கையிலும் போட்டிருந்தார். ஏழு பருவங்களில் ஆறு முறை வெசினா கோப்பை வாங்கினார். இவரைச் சேர்த்துக்கொண்டால் நம் வகைப்பாடு குலையும். ஆகவே இவர் விதிவிலக்கு என்க.

வகைப்பாடு

கை நோக்கி: இடக்கையில் அணிவது, வலக்கையில் அணிவது என இரண்டு. கடைக்காரர்கள் முன்னதை 'ரெகுலர்' என்றும் பின்னதை 'ஃபுல் ரைட்' என்றும் சொல்வர். டோனி எஸ்போசிட்டோவும் கிராண்ட் ஃபியூரும் வலக்கையால் பிடித்தவர்கள். இவ்வகையினருக்குச் சுகம் பற்றிய கேள்வியே எழாது. கடையில் ஒன்று இருந்தால் அதுதான் சுகம்.

மணிக்கட்டுப் பட்டை நோக்கி: ஒருதுண்டு, இருதுண்டு. இதில் சண்டை உண்டு. சாரம் இல்லை.

மடிப்பு நோக்கி: 60 பாகை, 75 பாகை, 90 பாகை. உறை எந்தக் கோட்டில் மடிந்து மூடுகிறது, வேலையைக் கட்டைவிரல் செய்கிறதா மற்ற விரல்கள் செய்கின்றனவா என்பதைப் பொறுத்தது இது. ஒரு கம்பெனியின் எழுபத்தைந்தும் இன்னொரு கம்பெனியின் எழுபத்தைந்தும் கையில் ஒன்றாக இருப்பதில்லை. வடிவியலார் இது குறித்து மௌனம் காக்கின்றனர் (காண்க: உறையின் உட்புறத் துணிச்சீட்டு, வரி 2).

நிறம் நோக்கி: வெள்ளை, மற்றவை.

மணம் நோக்கி: புதியது, கார் டிக்கியில் கிடந்தது.

முட்டிக்குத்துக் கோட்பாடு

இனி இவ்வாய்வின் இதயத்துக்கு வருகிறோம். கனடாவின் எந்த ஊர் ஹாக்கிக் கடைக்குப் போனாலும் ஒரு காட்சியைக் காணலாம். ஒருவர் அலமாரியிலிருந்து உறையை எடுப்பார். கையை நுழைப்பார். மூட முயல்வார். புது உறை மூடாது. மழைக்காலத்து வாசற்கதவுபோல் பாதியில் நிற்கும். உடனே மற்றக் கையை முஷ்டியாக்கி உள்ளங்கையில் ஓங்கி ஒரு குத்து விடுவார். தலையை ஒருமுறை ஆட்டுவார். பிறகு விலைச்சீட்டைத் திருப்பிப் பார்ப்பார். வைத்துவிடுவார்.

இந்தக் குத்து எதற்கு? இதனால் அவர் அறிந்துகொண்டது என்ன? அறிஞர் மூன்று கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர்.

ஒலிவாதிகள்: குத்தின் ஓசையால் தோலின் தரம் புலப்படும் என்பர். மிருதங்கம் வாங்குவோர் தட்டிப் பார்ப்பதை இவர்கள் சான்று காட்டுவர். அற்றன்று, மிருதங்கம் வாங்குபவர் வாசிக்கப்போகும் இடத்தில் தட்டுகிறார். இவரோ பக் படவே கூடாத இடத்தில் குத்துகிறார். பக் போய் விழவேண்டியது கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் கயிற்றாலோ தோலாலோ பின்னிய பையில். அது உள்ளங்கையில் பட்டால் கை 'ஜிவ்' என்று எரியும், விரலடிகள் அன்று இரவு முழுவதும் தம் இருப்பை அறிவிக்கும். ஆகக் குத்து சோதிப்பது பிழை நேரும் இடத்தையே.

ஆழவாதிகள்: 'பிழை நேரும் இடத்தைத்தானே சோதிக்கவேண்டும்?' என்று வினவுவர். நல்ல கேள்வி; ஆகவே இது அடிக்குறிப்புக்குத் தள்ளப்படுகிறது. அடிக்குறிப்பு இல்லை.

சடங்குவாதிகள்: குத்துக்குப் பயன் இல்லை, பொருள் மட்டுமே உண்டு என்பர். இவர்கள் காட்டும் சான்று வலியது. மகளுக்கு உறை வாங்க வந்த தகப்பன், வாழ்நாளில் பனிமேல் நிற்காதவர், அவரும் குத்துகிறார். விற்பவர் எடுத்துக் கொடுக்கும்போதே குத்திவிட்டுக் கொடுக்கிறார். தரை துடைக்க வந்தவர் ஒதுக்கி வைக்கும்போது யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் குத்துகிறார் (நேரடிக் கள ஆய்வு, மாலைப்பொழுது, இக்கட்டுரையாளர் முழங்கால்காப்பு அடுக்குகளுக்குப் பின்னால் மறைந்திருந்த நிலையில்).

இம்மூன்று கட்சிக்கும் எட்டாத ஒரு முடிவை இங்கே முதன்முறையாக முன்வைக்கிறோம். பேஸ்பால்காரர்கள் பந்துக்குக் காத்திருக்கும்போது தம் உறையை முஷ்டியால் குத்திக்கொண்டே இருப்பார்கள். எமில் ஃபிரான்சிஸ் அவர்களுடைய உறையை எடுத்துப் பட்டை தைத்தபோது, கூடவே அவர்களுடைய குத்தும் உள்ளே வந்துவிட்டது. தோல் போய்ச் செயற்கை இழை வந்தது, பை ஆழமானது, வடிவம் மாறியது. குத்து மட்டும் மாறவில்லை. இதை வலியுறுத்தும் சான்றுகள்: (அ) உடைமாற்றும் அறை, ஆணியில் தொங்கும் பழைய உறை, உள்ளங்கைத் தேய்மானம், (ஆ) அதே அறை, மூன்றாம் பெஞ்சின் இடது விளிம்பு, சாவியால் கீறிய ஏடு, ஆசிரியர் பெயரில்லை, காலம் கணிக்க இயலவில்லை, பாடவேறுபாடு உண்டு, இரண்டாம் சொல் அச்சேறத் தக்கதன்று, (இ) நேர்காணல், பனி வழிக்கும் வண்டியோட்டி, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தது, கேட்ட வரையில் 'ஆமாம்' அல்லது 'தள்ளி நில்லு', (ஈ) மேலது, இரண்டாம் சுற்று, 'தள்ளி நில்லு' என்பதே சரியான பாடம் எனத் தெரிந்தது.

எத்தனை சதவீதத்தினர் குத்துகிறார்கள் என்னும் எண்ணுக்கு இடம் காலியாக விடப்பட்டுள்ளது. நெறியாளர் தமக்குப் பிடித்த எண்ணை நிரப்பிக்கொள்வது இத்துறையின் வழக்கம்.

பதப்படுத்தல்

வாங்கிய உறை கையில் படிய வேண்டும். இதற்கு நெறிகள் பல. சில கடைகளில் சூடேற்றும் பெட்டி உண்டு. உறையை அதில் வைத்து இளக்கி, மடித்துத் தருவார்கள். வீட்டு ஓவனில் இதைச் செய்ய முயன்றவர்கள் நுரையும் பசையும் தனித்தனி அறிவுத்துறைகள் என்பதைக் கண்டுகொண்டனர். வெந்நீர் நெறியினர் உறையை முக்கி எடுப்பர்; காயும்வரை வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். மெத்தை நெறியினர் பையில் இரண்டு மூன்று பக் வைத்துக் கட்டி, மெத்தைக்கு அடியில் செருகி, மேலே படுப்பர். இதில் உறைக்குச் சுகம் வரும் என்பதில் கருத்து வேறுபாடில்லை. முதுகு பற்றித் தனி இலக்கியம் உண்டு. வண்டி நெறியினர் காரை ஏற்றுவர். அவர்களுடன் இக்கட்டுரையாளர் வாதிடுவதில்லை.

ஒருவர் நின்று கொடுக்க, இன்னொருவர் பக்கை அடித்துக்கொண்டே இருப்பது எல்லாவற்றிலும் எளிய வழி. உறை பனியில்தான் பழகும். இதை ஆடுகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். ஆடுகிறவர்கள் சொல்வதை ஆதாரமாகக் கொள்ளும் வழக்கம் நம் துறையில் இல்லாததால் அது இங்கே பதிவு செய்யப்படுவதோடு நிறுத்தப்படுகிறது.

இங்கே ஒரு சிக்கல். உள்ளங்கைப் பகுதி தடித்திருந்தால் கை எரியாது, ஆனால் உறை மூட அடம்பிடிக்கும். மெல்லியதாக இருந்தால் வாங்கிய அன்றே மூடும், கை எரியும். தயாரிப்பாளர்கள் முன்னதைப் பயிற்சிக்கு என்றும் பின்னதை ஆட்டத்துக்கு என்றும் விற்கிறார்கள். தடித்ததை வாங்கிப் பழக்கினால் அது மெல்லமெல்ல இளகும், விரல் நினைத்த மாத்திரத்தில் மூடும், கையின் ஒரு பகுதி போலவே ஆகும். அந்த வேளையில் உள்ளே நுரை தட்டையாகி, உள்ளங்கை தேய்ந்து, பக் பட்ட இடமெல்லாம் எரியத் தொடங்கியிருக்கும். தைப்பவரிடம் கொடுத்து உள்ளங்கையை மாற்றலாம். மாற்றினால் மீண்டும் மூடாது. ஆகச் சுகமான உறை உண்டு. அது பயன்படும் காலத்தில் இல்லை. கருதுகோளும் எதிர்க்கருதுகோளும் வாக்களித்தபடி நிறுவப்பட்டன.

ஒரு வழக்கு ஆய்வு

2002 மே மாதம், டென்வர். கொலராடோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் மேற்குப் பிரிவு இறுதித் தொடர், ஆறாம் ஆட்டம். கொலராடோ மூன்றுக்கு இரண்டு என முன்னிலை. கோலில் பாட்ரிக் ருவா, அக்காலத்தின் தலைசிறந்தவருள் ஒருவர். ஸ்டீவ் ஐசர்மன் மிக அருகிலிருந்து அடித்த பக்கை மடக்கினார். மடக்கியதோடு நில்லாமல், எல்லாரும் பார்க்கட்டும் என்று உறையை உயரத் தூக்கிக் காட்டினார், நியூயார்க் துறைமுகத்துச் சிலை விளக்கைத் தூக்குமாறு. தூக்கிய உறையில் பக் இல்லை. கீழே கிடந்தது. பிரெண்டன் ஷானஹன் அதைத் தள்ளி கோலாக்கினார். டெட்ராய்ட் 2-0 என வென்றது. ஏழாம் ஆட்டத்தை 7-0 என முடித்தது.

இதை ஆணவத்துக்குக் கிடைத்த தண்டனை என்பாரும் உளர். அது நீதிநூல் துறையினர் பார்வை, நமக்கு ஆகாது. நாம் கேட்பது, கையைத் தூக்கிய அந்தக் கணத்தில் அவருக்கு உறை எப்படி இருந்திருக்கும் என்பதே. மிகச் சுகமாக இருந்திருக்கும். எடை குறைவு.

வாய்மொழித் தேர்வு

இவ்வாய்வு புறத்தேர்வாளர் ஒருவர் முன்னிலையில் பொதுவில் வைக்கப்பட்டது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள். புறத்தேர்வாளர் ஆய்வேட்டைப் பிரிக்கவில்லை. தலைப்பில் முக்காற்புள்ளி இருப்பதைக் கண்டு திருப்தி தெரிவித்தார். 'பன்முகம் என்கிறீர்கள், எத்தனை முகம்?' என்று கேட்டார். போதுமான அளவு என்றேன். குறித்துக்கொண்டார். பிறகு மேசைமேல் சான்றுப்பொருளாக வைத்திருந்த உறையைத் தம் பக்கம் இழுத்தார். கையை நுழைத்தார். மூட முயன்றார். முஷ்டியை மடக்கி ஒரு குத்து விட்டார்.

'நல்லா இருக்கு' என்றார்.

பட்டம் பரிந்துரைக்கப்பட்டது. உறையை அவர் எந்தக் கையில், எந்தப் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார் என்பது மரியாதை கருதி ஆய்வேட்டில் சேர்க்கப்படவில்லை.