மருமோன்ரை கரிக்கணக்கு

வா மருமோனே, உந்தக் கதிரையை இழுத்து வேம்புக்குக் கீழை போட்டிட்டு இரு. மாமி தேத்தண்ணி ஊத்துறா. பனங்கட்டியோடைதான், சீனி எனக்குச் சரிவராது.

ரொறன்ரோவிலை இருந்து வந்து மூண்டு நாள். அதுக்குள்ளை என்னைத் திருத்த வெளிக்கிட்டிட்டாய், சந்தோசம். நேற்று நான் கிணத்தடியிலை தோய்ஞ்சுகொண்டு நிக்க, போனை நீட்டிப் பிடிச்சுக்கொண்டு கேட்டியே கேள்வியள், அதை நினைச்சு ராத்திரிப் படுக்கையிலையும் சிரிச்சனான். “மாமா, வீட்டைச் சூடாக்க என்ன பாவிக்கிறியள்?” அரியாலையிலை சித்திரை மாசம் வீட்டைச் சூடாக்க யன்னலைச் சாத்தினாக் காணும் தம்பி. “வருசத்துக்கு எத்தினை தரம் பிளேன் ஏறுவியள்?” என்ரை சீவியத்திலை ஒருக்காத்தான், சிதம்பரம் பாக்கப் போனது. வாந்தி எடுத்ததையும் கணக்கிலை சேர்க்கிறதோ எண்டு கேட்டன், நீ சிரிக்கேல்லை. “இறைச்சி?” வெள்ளி இல்லை, செவ்வாய் இல்லை, கந்தசட்டி ஆறு நாளும் இல்லை, நல்லூர் கொடியேறினா 25 நாளும் இல்லை. மிச்ச நாளிலை காசு இல்லை. கடைசியிலை உன்ரை போன் பச்சை இலை ஒண்டைக் காட்டி, நான் பூமிக்குப் பாரமில்லாத மனிசன் எண்டு சொல்லிச்சுது. என்ரை ஐயா உயிரோடை இருந்திருந்தா போனோடை சண்டைக்குப் போயிருப்பார். அவர் என்னைப் பற்றிச் சொன்னது நேரெதிர்.

உன்ரை கணக்கை மட்டும் நீ காட்டேல்லை. காட்டாட்டியும் பேப்பரிலை வாசிக்கிறம் தானே. கனடாவிலை ஆளுக்கு வருசம் 14 தொன் மட்டிலை கரிவாயு, இலங்கையிலை ஆளுக்கு ஒரு தொன் மட்டிலை. நீ என்னைப் பாக்க வந்து திரும்பிப் போற பிளேனே என்ரை ரெண்டு வருசத்தைத் திண்டுபோடும். வராதை எண்டு சொல்லேல்லை. வா. வந்து, வேளைக்கு லைற்றை நிப்பாட்டச் சொல்லி எனக்கு வகுப்பு எடுக்காதை.

இந்தப் பச்சை இலை வாங்க நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியாது, நீ அப்ப கைப்பிள்ளை. 1990இலை யாழ்ப்பாணத்துக்குக் கறண்ட் நிண்டுது. பெற்றோல் தடை. ஜாம் போத்தலுக்குள்ளை பஞ்சை வைச்சு, ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்திலைதான் கொக்கா சோதினைக்குப் படிச்சவ. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, மிதிக்கட்டையைக் கையாலை சுத்தி, டைனமோக் கறண்டிலை ரேடியோ கேட்டம். ஊர் முழுக்க சைக்கிள். கார் கோழிக் கூடாப் போச்சு. உலகத்திலை ஒரு சனம் வருசக்கணக்கா இப்பிடிக் கரிவாயு விரதம் பிடிச்சிருக்காது, ஒருத்தனும் வந்து மாலை போடேல்லை. பேந்து 2022 பங்குனியிலை நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டினாங்கள். கொழும்பு ஆக்கள் தலையிலை கைவைச்சினம். மாமி எழும்பிப் போய் பரணிலை கிடந்த ஜாம் போத்தலைத் துடைச்சா.

உந்தக் கணக்கை உலகத்துக்குப் பழக்கினது ஆர் எண்டு தெரியுமோ? 2004இலை பிபி எண்ட எண்ணெய்க் கொம்பனி. உங்கடை கரிவாயுத் தடத்தை நீங்களே அளந்து பாருங்கோ எண்டு கணிப்பான் ஒண்டை இணையத்திலை போட்டுவிட்டவங்கள். கள்ளுக்கொட்டில்காரன் வாசலிலை நிண்டு, “அண்ணை, இண்டைக்கு எத்தினை பிளா குடிச்சனியள், உடம்பைப் பாருங்கோ” எண்டு கரிசனைப்படுற மாதிரி. கொட்டில் பூட்டினதா ஒருத்தரும் சொல்லேல்லை.

சரி, நீ சொன்னபடி திருந்துவம் எண்டு வை. என்ரை மச்சான் ஒருத்தன் திருந்தினான். மகன் லண்டனிலை இருந்து அனுப்பின காசிலை கூரை முழுக்கச் சோலார் தகடு. கோயில் வீதியிலை நடக்கேக்கையும் அவன்ரை நடை மாறிப்போச்சு, சூரியபகவானுக்குச் சம்பந்தி மாதிரி. 2025 சித்திரை வருசப்பிறப்பு வந்துது. கூரைத் தகடு வைச்சிருக்கிறவை பின்னேரம் மூண்டு மணி வரைக்கும் அதை நிப்பாட்டி வையுங்கோ எண்டு மின்சார சபை கேட்டுது. லீவு நாள், பாவிக்க ஆளில்லை, வெயில் கூடிப்போச்சாம். மச்சான் பொங்கிப்போட்டுச் சூரியனைக் கும்பிட்டான், கும்பிட்ட கையாலை சுவிச்சை அமத்தினான்.

அதுக்கு ரெண்டு மாசம் முந்தி, மாசி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறையிலை ஒரு குரங்கு மின்சார நிலையத்துக்குள்ளை பாய்ஞ்சு நாடு முழுக்க இருட்டு. அமைச்சரே சொன்னவர், குரங்கெண்டு. அனுமார் ஒருக்கா இலங்கையை எரிச்சார், இப்ப இருட்டாக்கினார், கணக்குச் சரி. பேந்துதான் விசயம் தெரிஞ்ச ஆக்கள் விளங்கப்படுத்தினவை: ஞாயிறு மத்தியானம் பாவனை குறைவு, கூரையள் எல்லாத்திலையும் இருந்து வெயில் கறண்ட் கொட்டுது, சுழலுற பெரிய எஞ்சினுகள் கொஞ்சம்தான் ஓடுது. அந்த நேரம் ஒரு தட்டு விழுந்தா வலைப்பின்னல் தாங்காது. பாரமில்லாத மாட்டுவண்டில் கல்லிலை ஏறினாத் துள்ளுமே, அது மாதிரி. அந்தத் துள்ளலை அடக்கப் பெரிய பற்றரி வேணும், நல்ல வயர்ப்பாதை வேணும். மச்சான் அதையும் வாங்கிக் கூரையிலை வைக்கிறதோ?

உங்கை பார், நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு. காத்துக்கும் வெயிலுக்கும் என்ன குறை? ஆனா கறண்டுக்கு ஓடினது டீசல் எஞ்சின்தான். காத்தாடியும் தகடும் போட 2021இலை சீனக் கொம்பனிக்குக் குடுத்தினம். இந்தியாவுக்கு நெஞ்சிடி. சீனன் அந்த வருசக் கடைசியிலை வேலையை நிப்பாட்டினான். அதே மாசம் சீனத் தூதர் வேட்டி கட்டி, மேலுக்கு ஒண்டுமில்லாமல் நல்லூரானைக் கும்பிட்டிட்டுப் போனார். 2022இலை இந்தியா, நான் சும்மாவே தாறன் எண்டு ஒப்பந்தம் வைச்சுது. 2024இலைதான் ஒரு பெங்களூர்க் கொம்பனிக்கு வேலையைக் குடுத்தினம். இதுக்குள்ளை நெடுந்தீவுக் கிழவி ஒருத்தி குமிழை நிப்பாட்டிப் பூமியைக் காப்பாத்த வேணும் எண்டு உன்ரை போன் சொல்லுது.

பசளைக் கதையை விடுவம், அதை நினைச்சா எனக்கு இரத்தம் கொதிக்கும். 2021இலை ஒரு இரவிலை இரசாயனப் பசளையை நிப்பாட்டிப்போட்டு, கிளாஸ்கோ காலநிலை மாநாட்டு மேடையிலை போய்ப் பெருமை பேசினார் அப்பத்தைச் சனாதிபதி. வயல் எங்கடை, கைதட்டு அவருக்கு.

அரசாங்கம் ஒழுங்காய்ச் செய்தா என்ன நடக்கும் எண்டும் சொல்லவேணும், இல்லாட்டி நான் வெறும் புறணிக்காரன் ஆயிடுவன். சண்டைக் காலத்திலை கோச்சிப் பாதை இருந்த இடமே தெரியாது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பங்கருக்குப் போட்டுது. 2014 ஐப்பசியிலை, இந்தியக் கடனிலை பாதை போட்டு, யாழ்தேவி திரும்ப வந்துது. கோச்சியிலை போங்கோ, பூமிக்கு நல்லது எண்டு ஆரும் ஒரு நோட்டீசும் ஒட்டேல்லை. தண்டவாளம் கிடந்துது, சனம் ஏறிச்சுது. அவ்வளவுதான்.

இனித்தான் என்ரை வயித்தெரிச்சல். இந்தக் கிணத்தை எட்டிப் பார். எங்களுக்கு ஆறில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலை பெய்யிறது சுண்ணாம்புக் கல்லுக்குள்ளை இறங்கி, கீழை இருக்கிற உப்புத் தண்ணிக்கு மேலை மிதக்குது, பாலுக்கு மேலை ஆடை மாதிரி. நல்லதண்ணி மட்டம் ஒரு அடி இறங்கினா, கீழை இருந்து உப்பு 40 அடி ஏறும் எண்டு எஞ்சினியர்மார் கணக்கு. துலா மிதிச்ச காலத்திலை ஆடைக்கு நோகாது, மனிசனுக்குத்தான் நோகும். இப்ப பம்ப். என்ரை பம்பும் உள்ளிட்டுத்தான் சொல்லுறன், முகத்தைச் சுளிக்காதை.

கடலேரிப் பக்கம் போனியே, அங்கை அரியாலைத் தடுப்பணையைக் கண்டனியோ? நீ நிண்டு படம் எடுத்தது கொக்குக்குத்தான். அது ஒரு பெரிய திட்டத்தின்ரை வால். வெள்ளைக்காரக் காலத்திலையே துவைனம் துரை தொடக்கி வைச்ச கதை. 1950களிலை ஆறுமுகம் எண்ட எங்கடை நீர்ப்பாசன எஞ்சினியர் வடிவாய்க் கீறினவர், யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு எண்டு. கனகராயன் ஆத்துத் தண்ணி ஆனையிறவுக் கடலேரிக்குள்ளை வந்து கடலுக்குப் போகுது. அதைக் கட்டி மறிச்சு, முள்ளியான் வாய்க்காலாலை வடமராட்சிக் கடலேரிக்கு எடுத்து, அங்கை இருந்து உப்பாத்துக்கு விட்டு, தொண்டைமானாத்திலையும் அரியாலையிலையும் கதவு போட்டுக் கடலை வெளியிலை நிப்பாட்டுறது. வருசா வருசம் உப்புக் கழுவுப்பட்டு, கரையோரக் கிணறுகள் எல்லாம் தித்திக்கும். கதவு போட்டாங்கள். சுண்டிக்குளத்துக் கட்டும் கட்டினாங்கள், வெள்ளத்திலை உடைஞ்சுது. வாய்க்கால் நாலு கிலோமீற்றர் மட்டிலை. அது முடியேல்லை.

சின்ன வயசிலை அந்த அணைக்குக் கீழை நாங்கள் இறால் கோலினனாங்கள். கதவுப் பலகை இடுக்காலை கடல்தண்ணி கீச்சுக்கீச்செண்டு உள்ளை வரும், அந்த இடுக்குக்கு நேரை பறியை வைச்சா இறால் தானாய் விழும். எனக்கு அப்ப சந்தோசம். இப்ப விளங்குது, நான் பிடிச்ச ஒவ்வொரு இறாலும் எங்கடை கிணத்துக்குள்ளை வந்த உப்பின்ரை சொந்தக்காரன் எண்டு.

பேந்து என்ன செய்தினம்? இரணைமடுவிலை இருந்து குழாயிலை தண்ணி எண்டினம், கிளிநொச்சிக் கமக்காரர் எங்களுக்கே காணாது எண்டினம். அவையிலை பிழை சொல்ல ஏலாது. அதுக்குப் பிறகு தாளையடியிலை கடல்தண்ணியை நல்லதண்ணியாக்கிற ஆலை, 2024 ஆவணியிலை திறந்தது, ஒரு நாளைக்கு ரெண்டு கோடியே நாப்பது லட்சம் லீற்றர். தண்ணி நல்லாத்தான் இருக்காம், குறை சொல்லேல்லை. ஆனா கணக்கைப் பார் தம்பி: வானம் சும்மா தாற தண்ணியைக் கடலுக்கு விட்டு உப்பாக்கிறம். பேந்து கறண்ட் குடுத்து, அதிலை இருந்து உப்பை எடுக்கிறம். உந்தக் கரிவாயுவை உன்ரை போன் ஆற்றை பேரிலை எழுதும்? என்ரை பேரிலைதான், நான்தானே குடிக்கிறன்.

அதுக்காக நாங்கள் ஒண்டும் செய்யாமல் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டு இருக்கலாம் எண்டு நினைக்காதை, அது சோம்பேறிக்கு நல்ல சாட்டு. கிடுகு வேலியைப் பிடுங்கி மதில் கட்டினது ஆர்? முத்தம் முழுக்கச் சீமெந்து பூசி மழைத்தண்ணி மண்ணுக்குள்ளை இறங்காமல் றோட்டுக்கு அனுப்பிறது ஆர்? கொண்ணன் கட்டின வீடு, வருசத்திலை பதினொரு மாசம் பூட்டு. வாற ஒரு மாசமும் அஞ்சு அறையிலை குளிர்ப்பெட்டி ஓடுது, யன்னல் திறக்க ஏலாது, நுளம்பாம். அதை உடைக்கச் சொல்லேல்லை. முத்தத்துச் சீமெந்தைக் கொத்திப்போட்டு ரெண்டு தேசிக்கண்டு நடு. ஒரு நாள் வேலை. அதுக்குப் போன் தேவையில்லை.

முதல் எழும்பிப் போய் பம்பை நிப்பாட்டு. நீ குளிச்சது விடிய ஏழு மணிக்கு, தாங்கி வழியிற சத்தம் எனக்கு இஞ்சை கேக்குது.

நிப்பாட்டிட்டியோ? இரு. வாற மாசம் ரொறன்ரோவிலை ஊர்ச்சங்கக் கூட்டம் எண்டு சொன்னாய். கோபுரத்துக்கு இன்னொரு நிலை கட்டக் காசு கேப்பினம், குடு, கோபுரமும் வேணும்தானே. ஆனா இஞ்சையிருந்து எங்கடை எம்பிமார் ஆராவது வந்து நிப்பினம், அது வழமை. பொன்னாடையும் மாலையும் வைச்சிருப்பியள். அதைக் கழுத்திலை போடுறதுக்கு முன்னம், மாலையைக் கையிலை பிடிச்சபடி, ஒரே ஒரு கேள்வி கேள்: முள்ளியான் வாய்க்கால் எப்ப வெட்டி முடிப்பியள்? மறுமொழி வந்த பிறகு போடு.