மூஷிக வாகனம்

காரைத் துறந்துவிட வேண்டும் என்ற சங்கல்பம் எங்கள் குடும்பத்தில் உதித்ததற்கு மூல காரணம் என் புதல்வி. புவி வெப்பமடைவதைப் பற்றிப் பள்ளியில் கட்டுரை எழுதி முதற் பரிசு வாங்கியவள், வாங்கிய கையோடு வீட்டிலுள்ள சாதனங்களை ஒவ்வொன்றாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி விசாரித்து, கடைசியில் வாசலில் நின்ற காருக்கு ஆயுள் தண்டனை விதித்தாள். மற்றச் சீர்திருத்தங்கள் சிரமமின்றி நிறைவேறின. 2019-ல் அரசாங்கம் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை விதிப்பதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே என் தாயார் மஞ்சள் பையும் கையுமாக நடமாடுகிறவர், காய்கறித் தோலை வாழைக்கும் அரிசி களைந்த நீரை முருங்கைக்கும் இடுவது லோகத்தை ரட்சிக்கும் காரியம் என்று பேத்தி சொல்லக் கேட்டு, “இதுக்குப் போயா பிரைஸ் குடுத்தாங்க?” என்றார்.

கார் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. ஒரகடத்தில் ஒரு கார்த் தொழிற்சாலை, மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் இன்னொன்று, 2022 வரையில் மறைமலைநகரில் ஃபோர்டு என்று கார் பிறக்கும் க்ஷேத்திரங்களின் மத்தியில், பொத்தேரியில் வசித்துக்கொண்டு கார் வேண்டாம் என்பது, திருப்பதியில் குடியிருப்பவன் லட்டு வேண்டாம் என்பது போன்ற அபசாரம். ஆயினும், 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய மின்சார ரயில் பிற்காலத்தில் செங்கல்பட்டு வரையில் நீண்டு எங்கள் ஊருக்கும் அருள்பாலித்து வருவதால், எல்லோரும் சீசன் டிக்கெட் வாங்கினோம். வீட்டுக்கும் நிலையத்துக்கும் தூரம் சொற்பம்; நடுவே ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கும் நேரம்தான் சொற்பமன்று. பண்டிகை முடிந்து பட்டணம் திரும்பும் வாகனங்கள் பரனூர் சுங்கச்சாவடி தொடங்கிப் பெருங்களத்தூர் வரையில் ஊர்ந்துகொண்டிருக்கும் வேளையில், பக்கத்துத் தண்டவாளத்தில் அவற்றைத் தாண்டி விரைபவனுக்கு உண்டாகும் ஆனந்தம் தர்மத்துக்குச் சம்மதமானதா என்பது எனக்குத் தெரியாது. பரமானந்தம் என்பது தெரியும்.

பெட்ரோலில் மிச்சமான பணம் எங்கே போயிற்று என்று கேட்கலாம். என் மனைவி பிரயாணம் செய்வது பெண்கள் பெட்டியில். அங்கே கூடுவாஞ்சேரி வருவதற்குள் கொய்யாவும், வண்டலூருக்குள் வேகவைத்த வேர்க்கடலையும், தாம்பரத்துக்குள் மல்லிகைப் பூவும், அட்டை அட்டையாக ஹேர்பின்னும் வந்து சேர்கின்றன. “ஏங்க, பத்து ரூபாதானே!” என்பது அவள் வாதம். பத்து ரூபாய்களாகவே ஒரு பெட்ரோல் பங்க்கை விலைக்கு வாங்கிவிடலாம் என்பது என் அபிப்பிராயம். அதை வெளியே சொல்வதில்லை.

இவ்வாறு காரை மறந்திருந்த காலத்தில் அதை மறவாத ஜீவன்கள் சில இருந்தன. ஒருநாள் அவசரத்துக்குச் சாவியைத் திருகினால் வண்டி முனகக்கூட இல்லை. மெக்கானிக் வந்து பானெட்டைத் தூக்கினார். உள்ளே என் பழைய பனியனின் நூல், தேங்காய் நார், மகளின் பரிசுக் கட்டுரையை அச்சிட்ட பள்ளி மலரின் பக்கம் ஆகியவற்றைக் கொண்டு நேர்த்தியாக அமைக்கப்பட்ட ஒரு பிரசவ விடுதி இருந்தது. சுற்றியிருந்த ஒயர்களெல்லாம் பத்தியமாக உட்கொள்ளப்பட்டிருந்தன. “வண்டிய சும்மா நிறுத்துனா எலிக்குத்தான் சார் வீடு. பாட்டரியும் எறங்கிடும். வாரத்துக்கு ஒருவாட்டியாவது நல்லா ஓட்டிடுங்க” என்றார் அவர்.

அன்று முதல், கார் ஓட்டாமல் இருப்பதற்காகவே ஞாயிறுதோறும் கார் ஓட்டுகிறோம். அலுவலும் இல்லை, அவசரமும் இல்லை; பாட்டரியின் க்ஷேமத்தை உத்தேசித்து, செங்கல்பட்டைத் தாண்டித் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரையில் குடும்பத்துடன் போய்வருகிறோம். மகள் பின் ஆசனத்தில் புகைக்கணக்கு எழுதியபடி மௌன விரதம் காக்கிறாள். திருக்கழுக்குன்றத்து மலைமேல் நாள்தோறும் வந்து பிரசாதம் உண்ட கழுகுகள் வராமற்போய் இருபது வருஷங்களுக்கு மேலாகிறது; அதைக் குறிப்பிட்டு என் தாயார், “கழுகே வர்றத நிறுத்திடுச்சி, நாம ஏண்டா இவ்ளோ பெட்ரோல் போட்டுக்கினு வரோம்?” என்று கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் விடையில்லை.

மாமல்லபுரத்தை அடைந்தால், ஏழாம் நூற்றாண்டில் பல்லவர்கள் பாறையைச் செதுக்கிச் செய்த ஐந்து ரதங்கள், நிறுத்திய இடத்திலேயே, எண்ணெய் கேளாமல், இன்ஷூரன்ஸ் கேளாமல், எலிக்கு ஓர் இணுக்கு ஒயர்கூடக் கொடாமல், ஆயிரத்து முந்நூறு வருஷங்களாக நிற்கின்றன. வாகனம் என்றால் அப்படியல்லவா இருக்க வேண்டும்!

ஆகவே வாசக அன்பர்களுக்கு ஒரு விக்ஞாபனம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓடிய, ஒயர்கள் யாவும் புதிதாக மாற்றப்பட்ட கார் ஒன்று விலைக்கு இருக்கிறது. பார்க்க விரும்புவோர் பொத்தேரிக்கு மின்சார ரயிலிலேயே வரலாம்.