இஞ்சினுக்குள் இருந்த சூடு

என்னிடம் இருக்கும் ஜீப் 1991ஆம் ஆண்டின் றாங்ளர். நீள்சதுர முன்விளக்கு வைத்த வை.ஜே. மாடல். அதன் அடையாள இலக்கம் 2இல் தொடங்குகிறது. கனடாவில் செய்த வண்டி என்று அதற்குப் பொருள். இந்த மாடல் 1992 வரை பிரம்ரனில்தான் உருவானது. பிறகு ஒஹாயோவிலுள்ள டொலீடோ நகருக்குப் போய்விட்டது. ஸ்காபரோவிலிருந்து நாங்கள் வேலைக்குப் போய்வந்ததும் அதே பிரம்ரனுக்குத்தான்.

அப்போது வண்டி எங்களோடு வேலை செய்த அண்ணை ஒருவருடையது. விடிய முன்னம் நாலு பேர் ஏறுவோம். துணிக்கூரை, சிப் வைத்த பிளாஸ்ரிக் யன்னல். வெளியே மைனஸ் இருபது பாகை. ஹீற்றரை முழு வேகத்தில் போட்டாலும் விசிறி முனகுமே தவிரக் காற்று வராது. நாலு பேரின் மூச்சும் முன் கண்ணாடியில் படிந்து, உட்பக்கமாகவே உறைந்துவிடும். முன்னால் இருப்பவருக்குப் பழந்துணியால் கண்ணாடி துடைப்பது வேலை. அண்ணை உள்ளங்கை அளவு ஓட்டைக்குள்ளால் 401 நெடுஞ்சாலையைப் பார்த்து ஓட்டுவார். பின்னால் இருந்த நாங்கள் எதையும் பார்க்கவில்லை.

ஊருக்கு எழுதிய கடிதங்களில் குளிரைப் பற்றி நிறைய எழுதினோம். வழி தெரியாமல் லொறிகளுக்கு நடுவில் ஓடியதை ஒருவரும் எழுதவில்லை. குளிரைத் தாங்குவது வந்த நாட்டுக்குக் கட்டவேண்டிய வரி என்று அப்போது நினைத்தோம். அந்த நினைப்பில் எனக்கு இப்போது துளி மரியாதையும் கிடையாது. ஹீற்றரின் முதல் வேலை காலைச் சூடாக்குவதல்ல, கண்ணாடியைத் துலக்குவது. பாதை தெளிவாகத் தெரியவேண்டும் என்று ஒன்ராறியோ வீதிச் சட்டமே சொல்கிறது.

"தம்பி, இஞ்சினுக்குள்ள சூடு கிடக்கு. அது உள்ளுக்கு வரேல்லை, அவ்வளவுதான்" என்று அண்ணை அடிக்கடி சொல்வார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்த நாலு லீற்றர் இஞ்சினின் குளிர்நீர் 90 பாகையை ஒட்டிச் சுற்றவேண்டியது. அந்தச் சூட்டில் ஒரு பங்கு உள்ளே வந்தாலே அந்தச் சின்ன வண்டிக்குப் போதும். கண்ணாடி தெளிவதற்குத் தேவையானதும் வெளியிலேயே இருந்தது. மைனஸ் இருபது பாகைக் காற்றில் ஒரு கனமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் நீராவிதான் இருக்கும். இருபது பாகைக் காற்று பதினேழு கிராம்வரை பிடிக்கும். அதாவது வெளிக்குளிரை எடுத்துச் சூடாக்கிக் கண்ணாடியில் அடித்தால், அதைவிட உலர்ந்த காற்று வேறெங்கும் கிடைக்காது. சூடும் இருந்தது, உலர்ந்த காற்றும் இருந்தது. இரண்டையும் சேர்த்துத் தள்ள ஒரு விசிறிக்குத்தான் பலம் போதவில்லை.

அண்ணை ஓய்வுபெற்றபோது ஜீப் என் கைக்கு வந்தது. அதன் பழுதுக்கு நான் தயாரித்தவர்களைக் குறை சொல்லமாட்டேன். வயதும், வீதி உப்பும், பின்னால் வந்தவர்கள் செய்த அரைகுறை வேலையும் சேர்ந்து அப்படி ஆக்கியிருந்தன. மகள் மின்தொழில் படித்தவள். "பெரிய விசிறி வாங்கிப் பூட்டுவம்" என்று நான் தொடங்க, "முதல்ல அளந்து பாப்பம் அப்பா" என்று வோல்ற்மீற்றரைக் கையில் எடுத்தாள்.

இஞ்சின் ஓடும்போது பற்றரியில் 14 வோல்ற். விசிறி மோட்டாரின் முனையில் 11 கூட இல்லை. மீதியைப் பழைய சுவிட்சும், கறுத்துப்போன இணைப்புகளும், மெல்லிய வயரும், துருவேறிய ஏர்த்தும் வழியிலேயே தின்றுவிட்டன. சுவிட்சைத் தொட்டால் கை சுட்டது. விசிறியைச் சுற்றவேண்டிய மின்வலு இத்தனை வருடமும் வயரைச் சூடாக்கியிருக்கிறது! இந்த இழப்பு சின்னதல்ல. ஒரே விசிறியில் காற்று இரண்டு மடங்காக வேண்டுமென்றால் அதைச் சுற்றும் மோட்டாருக்கு எட்டு மடங்கு வலு வேண்டும். மூன்று வோல்ற் குறைந்தாலே விசிறி செய்யும் வேலை பாதியாகிவிடும்.

பிறகு காற்றின் வழியைப் பார்த்தோம். முன் கண்ணாடிக்குக் கீழே பொனற்றின் பின்னாலுள்ள துவாரங்களால்தான் வெளிக்காற்று உள்ளே இறங்கும். அதற்குள் மேப்பிள் சருகு மக்கிக் கிடந்தது. கதகதப்பைக் கண்ணாடிக்கும் காலுக்கும் பிரித்துவிடும் கதவுகளின் பஞ்சு தூளாகியிருந்தது. ஹீற்றர் றேடியேற்றருக்குள் எதிர்ப்பக்கமாகத் தோட்டக்குழாயால் தண்ணீர் விட்டபோது, தேநீர் நிறத்தில் சேறு வந்தது. தேர்மோஸ்ரற்றைக் கழற்றினால் 160 பாகை ஃபரன்ஹைற் என்று பொறித்திருக்கிறது. அந்த இஞ்சினுக்கு உரியது 195. கோடையில் இஞ்சின் கொதிக்கிறதென்று யாரோ ஒருவர் மாற்றியிருக்க வேண்டும். இஞ்சின் 70 பாகை செல்சியஸோடு நின்றுவிட்டால் எந்த விசிறியாலும் சூடு குறைவாகத்தான் வரும்.

இவ்வளவையும் சீராக்கிய பிறகுதான் விசிறிக்கு வந்தோம். வேறொரு பெரிய காருக்கு உரிய, உடல் பருத்த மோட்டாரைத் தேர்ந்தோம். மோட்டார் மாற்றும்போது விட்டம், தண்டின் தடிப்பு, நீளம் எல்லாரும் பார்ப்பார்கள். சுற்றும் திசையைப் பலர் பார்ப்பதில்லை. கூட்டுக்குள் சுற்றும் உருளை விசிறி தலைகீழாகச் சுற்றினாலும் அதே பக்கம்தான் ஊதும். ஆனால் மிகக் குறைவாக ஊதும். அதனால் காற்று வருகிறதே என்று ஏமாந்து பூட்டிவிடுவார்கள். நிரந்தரக் காந்த மோட்டாரென்றால் இரண்டு வயரையும் இடம் மாற்றினால் திசை மாறும். பெட்டியின் துளையைக் கொஞ்சம் அரத்தால் ராவி, உருளை சுவரில் உரசாமல் கையால் சுற்றிப் பார்த்து இருத்தினோம்.

பெரிய மோட்டார் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும். அதைப் பழைய சுவிட்சுக்குள்ளால் விட்டால் டாஷ்போர்ட்டுக்குள் தீ. மகள் ஐந்து கால் றிலே ஒன்றைப் போட்டாள். 30ஆம் கால் மோட்டாருக்கு. 87ஆம் கால் பற்றரிக்கு, தடித்த 10 கேஜ் வயரில், நடுவில் 30 அம்பியர் பியூஸ். 87ஏ கால் பழைய தடையிலிருந்து வரும் மெதுவேக வயருக்கு. சுவிட்சின் உச்ச வேகம் றிலேயைத் தட்டி எழுப்புவதோடு சரி. மோட்டாரின் ஏர்த்தையும் புதிதாக வண்டியின் உடம்புக்கு இறுக்கினாள். இப்போது உச்சத்தில் போட்டால் மோட்டார் முனையில் பதின்மூன்றரைக்கு மேல் நிற்கிறது.

போன மாரியில் 400 நெடுஞ்சாலையால் பரி நோக்கிப் போனோம். ஜோர்ஜியன் விரிகுடாவிலிருந்து பனிப்புயல் வீசும் பக்கம் அது. அண்ணையை முன்னிருக்கையில் இருத்தி, மகள் ஓட்டினாள். கண்ணாடி மூலைவரை துலக்கம். பின்னால் என் மனைவி, "இஞ்சேருங்கோ, அதைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கோ, கால் சுடுது" என்றாள். அண்ணை பழைய நினைப்பில் கையை உயர்த்திக் கண்ணாடியைத் துடைக்கப் போய், துடைக்க ஒன்றும் இல்லாததால் கையை மடியில் வைத்துக்கொண்டார். "அந்த நேரம் ஏன் அப்பா இதைச் செய்யேல்லை?" என்று மகள் கேட்டாள். காசில்லை, நேரமில்லை என்றேன். அது முழுப் பதிலல்ல என்பது அண்ணைக்கும் தெரியும். தாங்கிக்கொள்ளலாம் என்ற இடத்தில் நாங்கள் யோசிப்பதையே நிறுத்திவிட்டோம்.

புது வண்டிகளில் இருக்கையும் சூடாகிறது, ஸ்ரியரிங்கும் சூடாகிறது. அதெல்லாம் நல்லதுதான். ஆனால் வாங்க வசதியில்லாமல், அல்லது விட மனமில்லாமல், பழைய ஜீப்பை ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் வேண்டுகோள்: விசிறிக்குக் காசு கொடுக்க முன்னம் அதன் முனையில் வோல்ற் அளவுங்கள், சருகை அள்ளுங்கள், தேர்மோஸ்ரற்றில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். பியூஸைப் பற்றரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஒக்ரோபரிலேயே செய்துவிடுங்கள். ஜனவரியில் கராஜுக்கு வெளியே நின்று ஸ்பானர் பிடிக்க விரல் வராது.