பானெட்டியல்: ஒரு முன்னாய்வு

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துவது எப்படி என்று சொல்லித்தரும் கையேடுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால், ‘மாற்றியே தீருவது’ என்று ஒருவர் சபதம் போடும் நாளுக்கும், செயின் பிளாக்கில் இன்ஜின் தொங்கும் நாளுக்கும் நடுவே ஓடும் காலத்தை, அதாவது திட்டமிடும் காலத்தை, அறிவுலகம் ஏனோ கண்டுகொள்வதில்லை. பல கார்களின் ஆயுளில் இதுதான் மிக நீண்ட பருவம். சில கார்களுக்கு இதுவே கடைசிப் பருவமும்கூட. அந்தக் குறையைப் போக்கவே பானெட்டியல் என்னும் துறை இங்கே முன்மொழியப்படுகிறது.

வரையறைகளை முதலில் முடித்துக்கொள்ளலாம். பழைய கார் என்பது, பெயரைச் சொன்னதும் உதிரிபாகக் கடைக்காரர் “அதெல்லாம் இப்ப வர்றதில்ல சார்” என்று அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடும் கார். ஸ்போர்ட்ஸ் கார் என்பது, இருவர் உட்காரலாம், அவர்களுடைய பெட்டிகள் பஸ்ஸில் வந்து சேரட்டும் என்ற கொள்கையில் கட்டிய கார். பொருத்தம் என்றால் என்ன என்பதில்தான் அறிஞர்களிடையே கைகலப்பு. இன்ஜின் உள்ளே இறங்கிவிட்டாலே பொருத்தம் என்பார் ஒரு சாரார். பானெட் மூட வேண்டும், ஸ்டியரிங் திரும்ப வேண்டும், ஸ்பார்க் பிளக்கை என்றைக்காவது கழற்றவும் முடிய வேண்டும் என்பார் மறுசாரார். இக்கட்டுரை இரண்டாமவர் பக்கம். அதன் கருதுகோளும் ஒன்றேதான்: இன்ஜின் எப்படியும் பொருந்திவிடும், பொருந்தமாட்டேன் என்று அடம்பிடிப்பவை அதைச் சுற்றியிருப்பவை.

சான்றுகளில் தலையாயது சன்பீம் டைகர். பிரிட்டனின் ரூட்ஸ் நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் சன்பீம் ஆல்பைன் என்ற சிறு காரை அமெரிக்காவில் விற்றுவந்தது. பார்க்க லட்சணம், ஓட்டினால் பரம சாது. 1.6 லிட்டர் நாலு சிலிண்டரை வைத்துக்கொண்டு கலிஃபோர்னியா சாலைகளில் மீசை முறுக்க முடியவில்லை. நிறுவனத்தின் மேற்குக் கரைப் பொறுப்பாளர் இயன் கேராட், சர்வீஸ் மேலாளர் வால்ட்டர் மெக்கென்சியை அழைத்து ஒரு வேலை கொடுத்தார். அளவுகோலை எடுத்துக்கொண்டு ஊரில் உள்ள கார் விற்பனைக் கடைகளுக்குப் போக வேண்டும். அங்கே நிற்கிற அமெரிக்க கார்களின் வி8 இன்ஜின்களை அளந்துவர வேண்டும். அளந்து திரும்பியவர் சொன்ன முடிவு: ஃபோர்டின் புதிய 260 கன அங்குல வி8 மட்டும் உள்ளே போக வாய்ப்பிருக்கிறது. பானெட்டியலின் முன்மாதிரிக் களப்பணி என்று இதைத் தயங்காமல் கொள்ளலாம். கருவி ஒன்று, கேள்வி ஒன்று, செலவு சொற்பம்.

அடுத்து மாதிரிக் கார். கார் தயாரிப்பாளர் கரோல் ஷெல்பி 10,000 டாலரும் எட்டு வாரமும் கேட்டார். கேராடுக்கு அதுவரை பொறுக்கவில்லை. ரேஸ் ஓட்டுநர் கென் மைல்ஸிடம் இன்னொரு ஆல்பைனையும் 800 டாலரையும் கொடுத்தார். ஒரு வாரம் போல ஆனதும் அந்தக் கார் வி8 உறுமலோடு வெளியே வந்தது. ‘ஃபோர்டு வி ஃபெராரி’ படம் பார்த்தவர்களுக்கு இந்த இருவரையும் அறிமுகம் செய்யத் தேவையில்லை. திட்டமதிப்பீட்டுக்கும் தேவைக்கும் உள்ள உறவைப் பற்றி இந்த இரண்டு தொகைகளும் சொல்வதைத் தனியே ஒரு முனைவர் பட்டத்துக்கு விட்டுவைப்போம்.

1964-இல் டைகர் சந்தைக்கு வந்தது. வெஸ்ட் பிராம்விச்சில் ஜென்சன் நிறுவனம் அதைக் கோத்தது. இங்கேதான் ஆய்வாளர் நிமிர்ந்து உட்கார வேண்டும். பிரைமர் பூசி, பெயின்ட் அடித்து, பளபளவென்று வந்து நிற்கும் புத்தம்புது பாடி. இன்ஜினுக்கும் பயணிகளுக்கும் நடுவே நிற்கும் தடுப்பான ஃபயர்வாலின் தோளைத் தொழிலாளி சம்மட்டியால் ஓங்கி அடித்து உள்ளே அமுக்குவார். அப்புறம்தான் இன்ஜின் நுழையும். இது ரகசியமாக நடந்த குளறுபடி அல்ல. உற்பத்தி முறையிலேயே அது ஒரு படி. பழைய ஸ்டியரிங் பெட்டிக்கு இடமில்லாமல் போனதால் ரேக் அண்ட் பினியன் வந்தது. எட்டு ஸ்பார்க் பிளக்குகளில் பின்கோடியில் இருந்த ஒன்றை இன்ஜின் பக்கமிருந்து எட்டவே முடியாது. எனவே ஃபயர்வாலில் ஓட்டை போட்டு ரப்பர் மூடி வைத்தார்கள். அந்தப் பிளக்கைக் கழற்ற விரும்புகிறவர் காருக்குள் ஏறிக் குனிய வேண்டும். கையில் பிளக் ஸ்பேனரோடு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துக் கிடக்கும் உரிமையாளரை அக்கம்பக்கத்தார் என்ன நினைத்திருப்பார்கள் என்பது ஆய்வின் எல்லைக்கு வெளியே.

இந்த ஒரே காரிலிருந்து இரண்டு மரபுகள் கிளைக்கின்றன: கோல் மரபு, சம்மட்டி மரபு. பின்வந்த உரைகாரர்கள் இவற்றைப் பகை மரபுகளாகக் காட்டுவார்கள். முதலாமவர் எல்லாவற்றையும் காகிதத்தில் முடித்துவிடுவார், இரண்டாமவர் எதையும் காகிதத்தில் தொடங்கமாட்டார் என்பது பொதுவான பாடம். அது பிழையான பாடம். மெக்கென்சியின் கோல் பொய் சொல்லவில்லை. இன்ஜினை அளந்தது, ஃபயர்வாலின் தோளை அளக்கவில்லை, அவ்வளவே.

கோல் மரபினரின் கருவிகள் அன்றைக்கு இருந்ததைவிட இன்று வளர்ந்திருக்கின்றன. நிஜ இன்ஜின் 200 கிலோவுக்கு மேலும் போகலாம்; அதைத் தூக்குவதும் இறக்குவதுமாக எத்தனை முறை மல்லுக்கட்டுவது? ஆகவே அதே அளவில் பிளாஸ்டிக்கிலோ ஃபோமிலோ வார்த்த வெற்று இன்ஜின்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. ஒரே ஆள் இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்துப் பார்க்கலாம். இதைவிட நேர்த்தியான முறை களிமண். இன்ஜினின் மிக உயரமான இடங்களில், ஏர் கிளீனர் மேல், கார்புரேட்டர் மேல், சிறு சிறு உருண்டைகளாக வைத்துவிட்டு பானெட்டை மெல்ல மூடித் திறந்தால் உருண்டை தட்டையாகியிருக்கும். அதன் கனம்தான் மிச்சமிருக்கும் இடைவெளி. அந்தத் தட்டைக் களிமண்ணில் பானெட்டின் உள்விலா எலும்பு அச்சாகப் பதிந்திருந்தால் நிலைமை சரியில்லை. ஓடும்போது இன்ஜின் ரப்பர் மவுன்டிங்கில் ஆடும். ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தால் ஒரு பக்கம் சாய்ந்து எழும். நிற்கிற இன்ஜினுக்குப் போதுமான இடம் ஓடுகிற இன்ஜினுக்குப் போதாது. ஓர் அங்குலமாவது விட்டுவைப்பது நல்லது.

பானெட் பற்றிய மெய்யான கொள்கைப் பூசலைப் பார்க்க விரும்புகிறவர் எம்ஜிபி காரிடம் போக வேண்டும். 1962-இல் 1798 சிசி நாலு சிலிண்டரோடு, ஏறத்தாழ 95 குதிரைத்திறனோடு பிறந்த கார் அது. அதன் வலிமையைக் கூட்ட அதைத் தயாரித்த நிறுவனம் முதலில் எடுத்த முயற்சி 1967-இல் வந்த எம்ஜிசி: 2.9 லிட்டர், ஆறு சிலிண்டர், முழுக்க இரும்பு. பழைய இன்ஜினைவிட ஏறத்தாழ 95 கிலோ கூடுதல். இன்ஜினுக்கு இடம்விட கிராஸ்மெம்பர் போய் டார்ஷன் பார் சஸ்பென்ஷன் வந்தது; பானெட்டில் ஒரு பெரிய மேடு, அந்த மேட்டின் மேல் கார்புரேட்டருக்காக ஒரு குட்டி மேடு. முன்பக்கம் கனத்த காரைப் பத்திரிகைகள் கழுவி ஊற்றின. 1969-இல் கடையைக் கட்டினார்கள்.

அதற்குச் சற்றுப் பின், கென் காஸ்டெல்லோ என்ற ரேஸ் ஓட்டுநர் அதே எம்ஜிபியில் ரோவரின் 3.5 லிட்டர் வி8-ஐ வைத்துக் கொடுக்கத் தொடங்கினார். இந்த இன்ஜின் அமெரிக்காவில் ப்யூக் கைகழுவிய அலுமினிய வி8. உரிமையை ரோவர் 1965-இல் வாங்கியிருந்தது. எட்டு சிலிண்டர் இருந்தும், அலுமினியம் என்பதால், எடை பழைய இரும்பு நாலு சிலிண்டரை ஒட்டியே நின்றது. கனம் சிலிண்டர் எண்ணிக்கையில் இல்லை, உலோகத்தில் இருக்கிறது என்பதை எம்ஜிசி செலவழித்துக் கற்றது. காஸ்டெல்லோ ஓசியில் கற்றார். ஆனால் அவருடைய கார்களில் கார்புரேட்டர் பானெட்டை இடித்தது. அவர் பானெட்டில் மேடு வைத்தார். 1973-இல் நிறுவனமே எம்ஜிபி ஜிடி வி8 என்று இறக்கியபோது, மேனிஃபோல்டை மாற்றி இரண்டு எஸ்யு கார்புரேட்டர்களையும் இன்ஜினின் பின்கோடிக்குத் தள்ளியது. பானெட் சமதளமாகவே மூடியது. பார்க்கிறவருக்கு உள்ளே வி8 இருப்பதே தெரியாது. இன்ஜினைப் பானெட்டுக்குப் பணியவைப்பதா, பானெட்டை இன்ஜினுக்குப் பணியவைப்பதா? நிறுவனத்தின் வழி நேர்த்தியானது. ஆனால், எட்டு சிலிண்டருக்குக் காசு கொடுத்தவர் அது ஊருக்குத் தெரிய வேண்டும் என்று விரும்புவதும் மனித இயல்புதானே.

எம்ஜிபியோடு இன்னும் கொஞ்சம் தங்கலாம், ஏனென்றால் கருதுகோள் முழுசாக நிரூபணமாவது இங்கேதான். வி8 உள்ளே இறங்கிவிட்டது, வேலை முடிந்ததா? இரண்டு பக்கமும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வருவதால் ஒரு பக்கம் ஸ்டியரிங் தண்டு குறுக்கே நிற்கிறது. சூடு கூடுகிறது, ரேடியேட்டர் முன்னே நகர்கிறது, பழைய விசிறிக்கு இடமில்லாமல் எலெக்ட்ரிக் விசிறிகள் வருகின்றன. பின் ஆக்சில் பழைய இன்ஜினுக்கு அமைந்தது: விகிதம் 3.9. குறைந்த சுற்றிலேயே இழுவை தரும் வி8-க்கு அது வீண் கத்தல். நிறுவனம் 3.07 போட்டது. ஆக்சில் மாறினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். வேகம் கூடினால் பிரேக் போதாது. தம் வீட்டு ஷெட்டில் ஒருவர் 1967-க்கு முந்தைய எம்ஜிபியில் நவீன இன்ஜின் வைக்கத் திட்டமிட்டால் கூத்து இரட்டிப்பாகும். அந்தக் கார்களில் பாடிக்கு பாசிட்டிவ் எர்த். நவீன இன்ஜினின் கம்ப்யூட்டருக்கு நெகட்டிவ் எர்த். பழைய எஸ்யு பம்ப் கார்புரேட்டருக்குக் கொடுப்பது 0.2 பார் அளவு அழுத்தம். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கேட்பது 3, 4 பார். ஆக டேங்கிலிருந்து வயரிங் வரை எல்லாம் புதுசு.

இந்தக் கட்டத்தில் எல்லா ஷெட்டிலும் ஒரே வாசகம் கேட்கும்: “இவ்வளவு பிரிச்சாச்சு, இதையும் பார்த்துடலாமே.” மனித குலம் கண்டறிந்த மிக விலையுயர்ந்த வாக்கியங்களில் இது ஒன்று என்பது இக்கட்டுரையின் துணிபு. திட்டத்தாளில் இன்ஜினின் விலை முதல் வரியில் கம்பீரமாக நிற்கும். தாள் நிறைந்து மறுபக்கம் திருப்பும்போது கூட்டுத்தொகையில் அது ஒரு சில்லறை.

இப்போதைய வழக்கத்தையும் ஒரு வார்த்தை. 1997 கார்வெட்டில் அறிமுகமான ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வரிசை வி8 இன்று உலகெங்கும் ஆகிவந்த தேர்வு. மாஸ்டாவின் மியாட்டா, ரோட்டரி இன்ஜினுக்கே பேர்போன ஆர்எக்ஸ்-7, எதையும் அது விடுவதில்லை. காரணம் பழமைதான். கேம்ஷாஃப்ட் ஒன்றே ஒன்று, அதுவும் பிளாக்கின் நடுவே. தலைக்கு இரண்டு கேம்ஷாஃப்ட் வைத்த நவீன வி8-கள் மேலே அகன்று நிற்கும். இது ஒடுங்கி நிற்கும். ஆர்எக்ஸ்-7 பக்தர்கள் இதை மகாபாவம் என்பார்கள். அவர்களுடைய துயரம் நியாயமானது, பானெட்டோ மூடிவிடுகிறது.

சுழலும் திசை பற்றி ஓர் எச்சரிக்கை. செவ்ரலேயின் கோர்வேர் காருக்கு ஆறு சிலிண்டர், காற்றால் குளிரும் இன்ஜின் இருந்தது. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் பின்புறத்தில் அதை வைக்க ஆசைப்பட்டவர்கள் ஏராளம். ஆனால் அது ஃபோக்ஸ்வாகன் இன்ஜினுக்கு நேர் எதிராகச் சுற்றும். கியர்பாக்ஸினுள் கிரவுன் வீலைப் பக்கம் மாற்றிப் போட மறந்தால் கிடைப்பது நான்கு ரிவர்ஸ் கியர், ஒரே ஒரு முன் கியர். இது எந்தக் கோலாலும் அளக்க முடியாத தவறு. எந்தச் சம்மட்டியாலும் திருத்த முடியாததும்கூட.

இலக்கணம் என்றால் புறனடை வேண்டும். அது சென்னைப் பக்கத்தில் கிடைக்கிறது. ரோவர் எஸ்டி1 என்ற கார் மேற்சொன்ன அதே 3.5 லிட்டர் வி8-க்காக வரைந்தது. 1985-இல் வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் அந்த பாடியை எடுத்து ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்று விற்றபோது, உள்ளே வைத்தது 1940-களில் வான்கார்ட் காருக்காகப் பிறந்த குடும்பத்தைச் சேர்ந்த 1991 சிசி நாலு சிலிண்டர். அந்தக் குடும்பத்தின் வம்சாவளி லேசுப்பட்டதல்ல. ஒரு கிளை ஃபெர்குசன் டிராக்டரை இழுத்தது. மற்றொரு கிளை 1953-இல் ட்ரையம்ஃப் டிஆர்2 என்ற ஸ்போர்ட்ஸ் காரை மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டியது. ஆனால் எஸ்டி1-இன் கனத்தில் அந்தப் பழம்பெருமை எடுபடவில்லை. 1988 வாக்கில் உற்பத்தி நின்றது. இந்த ஒரு காரில் மட்டும் பானெட் மூடுமா என்ற கேள்வியே எழவில்லை. எழுந்தது வேறு கேள்வி, கார் நகருமா என்பது.

மீண்டும் டைகருக்கு வந்தால், அதன் முடிவு பானெட்டியலாளர்களுக்கு இன்னும் தலைவலி. ரூட்ஸ் நிறுவனம் படிப்படியாக கிரைஸ்லரின் கைக்குப் போனது. தன் காரில் போட்டியாளரான ஃபோர்டின் இன்ஜினை வைத்து விற்க கிரைஸ்லருக்கு மனமில்லை. அதனிடமே 273 கன அங்குல வி8 ஒன்று இருந்தது. கோல் எடுத்து அளந்தார்கள். ஃபோர்டு இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம் இருந்தது. கிரைஸ்லர் இன்ஜினில் அது பின்பக்கம், ஏற்கெனவே சம்மட்டி வாங்கிய அதே ஃபயர்வாலை ஒட்டி. எவ்வளவு அடித்தாலும் அங்கே அதற்கு இடம் பிறக்கவில்லை. கையிருப்பில் இருந்த ஃபோர்டு இன்ஜின்களை வைத்து ஓட்டி, 1967-இல் டைகரை நிறுத்திவிட்டார்கள்.