நாற்பதாவது ஆளைச் சேர்க்காதீர்கள்

திருவேங்கடம் வட்டாரத் தீப்பெட்டித் தொழிலாளர்கள் இனி நிம்மதியாகத் தூங்கலாம். 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட தடையில்லா வர்த்தக ஒப்பந்தத்தில் தொழிலாளர் நலனுக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. எவ்வளவு பெரிய மனசு!

அதை மீறினால்? உட்கார்ந்து பேசலாம். தகராறு தீர்க்கும் நடுவர் குழு வரை இழுக்க முடியாது. அதெல்லாம் முக்கியமான சங்கதிகளுக்கு. ஸ்காட்ச் விஸ்கியின் வரி 150 சதவீதத்திலிருந்து 75க்கு இறங்கவில்லை என்றால், அங்கே தாராளமாகப் போய் முறையிடலாம். தொழிலாளியின் நுரையீரல் காத்திருக்கும், விஸ்கி காத்திருக்குமா?

நம் பங்குக்கு நாமும் சும்மா இல்லை. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அமலில் இருக்கிறது. மின்சாரம் இல்லாத பட்டறையில் முன்பு 20 பேர் இருந்தாலே தொழிற்சாலை. இப்போது 40 பேர் வேண்டும். 39 பேரோடு நிறுத்திக்கொள்ளும் முதலாளியைப் பாராட்டுங்கள். தீக்குச்சி மருந்திலுள்ள பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் சட்டம் படித்தவை. ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பற்றும்.

ஆனால் அதே தீப்பெட்டி கப்பல் ஏறும்போது கதையே வேறு. சர்வதேச விதிப்படி அது 4.1 வகை அபாயச் சரக்கு. தனிப் பொதி, எச்சரிக்கை வில்லை, பாதுகாப்பான இடம், ஏகப்பட்ட உபசாரம்.

ஆகவே அரசுக்கு ஒரு பணிவான யோசனை: அடுத்த ஒப்பந்தத்தில் தொழிலாளியையும் சரக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.