அசையாப் பீரோ: ஒரு ரிச்சர்ட்ஸ் டவுன் ஆய்வு

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில், பூங்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில் என் அக்கா வீடு. பழைய கன்டோன்மென்ட் வீடு. தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும் ரெட் ஆக்சைடு தரை. அதன் நடு அறையில் நிற்கும் தேக்குப் பீரோவே இவ்வாய்வின் பொருள். பின்சுவரில் ஓதம் ஏறிவிட்டது. பெயின்டருக்கு மூன்றடி இடம் வேண்டும். பீரோ நகரும் என்பது அக்காவின் துணிபு. நகராது என்பது அத்தானின் துணிபு. அத்தான் அதை நாற்காலியில் அமர்ந்தபடியே நிறுவினார்.

இத்துறையில் முன்னோர் உண்டு. உராய்வு எடைக்குத் தக்கபடி ஏறும், தொடும் பரப்பைப் பொருட்படுத்தாது என்று 1699-இல் பாரிஸில் சொன்னவர் அமோந்தோன். நிற்கும்போது ஒரு உராய்வு, நகரும்போது வேறு உராய்வு என்று கணக்கில் பிரித்துக் காட்டியவர் ஆய்லர். 1785-இல் அச்சான தம் ஆய்வில் கூலோம் இன்னும் நுட்பமாக ஒன்று சொன்னார்: மரத்தோடு மரம் கிடக்கக் கிடக்கப் பிடிப்பு கூடும். இந்தப் பீரோ அக்கா கல்யாணத்துக்கு வந்தது. பத்தொன்பது வருஷமாக அங்கேயே நிற்கிறது. அடியில் இருப்பது மரமல்ல, தரைதான். ஆயினும் அத்தான் கூலோம் பக்கம் சாய்ந்துவிட்டார்.

இனி அளவு. பீரோ அறுபது கிலோ, உள்ளே புடவையும் பாத்திரமும் நாற்பது கிலோ எனக் கொள்க. ஈர்ப்பு முடுக்கம் பத்து எனின், தரை தரும் செங்குத்து விசை 1000 நியூட்டன். ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.5, இயக்க உராய்வுக் குணகம் 0.4 என வைப்போம். பதினோராம் வகுப்புப் படிக்கும் மருமகன் இதை நோட்டில் போட்டான். “200 நியூட்டன்ல தள்ளினா உராய்வு எவ்வளவுடா?” என்றேன். “500, மாமா. மியூ இன்டு என்.”

அற்றேல், எதிர்ப்புறம் 300 நியூட்டன் மிஞ்சும். நூறு கிலோவுக்கு மூன்று மீட்டர் முடுக்கம் வரும். அதாவது, நாம் மெல்லத் தொட்டவுடன் பீரோ சினந்து, சுவரை இடித்துக்கொண்டு பின்னோக்கிப் பாய வேண்டும். உலகில் எந்தப் பீரோவும் அப்படிச் செய்ததில்லை என்று விளக்க வாயெடுத்தேன். அதற்குள் ஆய்வில் ஒரு விபரீதம் நிகழ்ந்தது.

அக்காவின் பார்வை தாங்காமல் அத்தான் எழுந்து வந்து, சாக்ஸ் காலோடு பீரோவைத் தள்ளினார். பீரோ அசையவில்லை. அத்தான் பின்னால் சறுக்கிப்போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். “பாத்தீங்களா மாமா, பீரோ திருப்பித் தள்ளிடுச்சு!” என்று மருமகன் குதித்தான். அவன் நோட்டுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அங்ஙனமன்று. அத்தான் எழுபது கிலோ. சாக்ஸுக்கும் மெழுகுத் தரைக்கும் குணகம் 0.3 எனின், அவர் காலுக்குத் தரை தரக்கூடிய பிடி அதிகபட்சம் 210 நியூட்டன். பீரோவின் வரம்போ 500. இருவருக்கும் நடந்த போட்டியில் பிடி குறைந்தவர் சறுக்கினார், அவ்வளவே. அவர் 210 கொடுத்தார். பீரோவும் அதே 210-ஐத் திருப்பியது, ஒரு நியூட்டன் கூட அதிகமில்லை. அதன் காலடியில் தரையும் அதே 210-ஐத்தான் தந்தது. 500 என்பது தரையின் வரம்பு. நாள்தோறும் அது செலவழிக்கும் தொகையல்ல. கேட்ட அளவே கொடுக்கும், வரம்பு தாண்டினால் கைவிரிக்கும். மருமகன் இழக்கும் மதிப்பெண்ணெல்லாம் இந்த ஒரு இடத்தில்தான் போகிறது. கணக்கைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி “நகர்கிறதா?” என்பதே. நகரவில்லை என்றால் சூத்திரத்தைத் தொடாமல் தள்ளும் விசையைப் பார்க்க வேண்டும். நகர்ந்துவிட்டால் மட்டும் 0.4, வேகம் எதுவானாலும் ஏறக்குறைய அதே 400.

அந்த நூறு நியூட்டன் வித்தியாசம் சாமானியமல்ல. 500-ஐத் தொட்டுப் பீரோ கிளம்பியபின், அதே விசையில் தள்ளிக்கொண்டே இருந்தால் ஒரு மீட்டர் முடுக்கம் வரும். மூன்றடியை ஒன்றரை வினாடிக்குள் கடந்து யார் கட்டைவிரலிலாவது ஏறி நிற்கும். தேர்வடம் பிடித்தவர்களுக்கு இது தெரியும். தேர் உருள்வது, பீரோ சறுக்குவது, வேறு வேறுதான். என்றாலும் கிளப்புவதுதான் பெரும்பாடு, கிளம்பியபின் முட்டுக்கட்டைக்காரர்தான் தேவை.

தீர்வுகள் ஆராயப்பட்டன. பீரோவைப் படுக்கப்போட்டால் உராய்வு குறையுமா என்றான் மருமகன், அமோந்தோன் மறுக்கிறார். அடியில் கோணி போட்டு இழுக்கலாம். ஆனால் கோணியைச் செருகப் பீரோவைத் தூக்க வேண்டும். புடவையையும் பாத்திரத்தையும் வெளியே எடுத்தால் செங்குத்து விசை 600 ஆகும், வரம்பு 300-க்கு இறங்கும். இதுவே அறிவியல் காட்டும் நேர்வழி. நாற்பது கிலோவைத் திரும்ப மடித்து வைப்பது யார் என்று அக்கா கேட்டாள். அந்தக் கேள்விக்கு முன்னோர் நூல்களில் விடை இல்லை.

பெயின்டர் திங்கட்கிழமை வருகிறார். ஞாயிறு காலை ரிச்சர்ட்ஸ் பூங்காவில் நடக்க வரும் அன்பர்களில் இருவர் தயவுசெய்து வீடு வரை வரவும். ஃபில்டர் காபி உண்டு. ரப்பர் அடி போட்ட ஷூ அவசியம்.